சென்னையில் ஆர்கானிக் நாய் உணவு வாங்குமுன்: முத்திரை, சான்றிதழ், செலவு பற்றிய வழிகாட்டி

போன வருடம் மடிப்பாக்கத்தில் ஒரு கடையில் 3 கிலோ நாய் உணவுப் பை ஒன்றை ₹2,850 கொடுத்து வாங்கினேன். முன்பக்கம் முழுக்கப் பச்சை இலைகள், நடுவில் பெரிதாக ‘ஆர்கானிக்’. எங்கள் செம்பி 16 கிலோ எடையுள்ள நாட்டு நாய். உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து முதுகில் முடி கொட்டியிருந்தது. நல்ல உணவு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். பையைத் திருப்பிப் பார்த்தால் சான்றளித்தவர் பெயரே இல்லை. கம்பெனிக்கு எழுதி 11 நாள் கழித்து ஒரு சான்றிதழ் வந்தது. அது அரிசிக்கும் மஞ்சளுக்கும் கொடுக்கப்பட்டது, தேதியும் முடிந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அந்த இரண்டு மாதமும் அந்தப் பணமும் மிச்சமாகட்டும்.

1. முதலில் நாயை மருத்துவரிடம் காட்டுங்கள்

அரிப்பு, வயிற்றுப்போக்கு, முடி கொட்டுதல் என்று ஏதாவது ஒன்றுக்காகத்தான் நம்மில் பலர் ஆர்கானிக் பக்கம் போகிறோம். செம்பிக்கு இருந்தது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டியபோது, மருத்துவர் முடியை விலக்கிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். தெள்ளுக்கு மருந்து போட்டு மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது. உணவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையிலேயே உணவு ஒவ்வாமையாக இருந்தாலும் ஆர்கானிக் அதற்கு மருந்து ஆகாது. நாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் கோழி, மாடு, பால் போன்றவற்றின் புரதம். ஆர்கானிக் கோழியிலும் இருப்பது அதே கோழிப் புரதம்தான். மருத்துவர் சொல்லும் விலக்கு உணவுச் சோதனை (சந்தேகப்படும் புரதத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது) எட்டு வாரமோ அதற்கு மேலோ போகும். அந்த நாட்களில் வேறு எந்தப் பையையும் பிரிக்காதீர்கள், பிஸ்கட்கூட வேண்டாம்.

2. ‘இயற்கை’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ‘இயற்கை விவசாயம்’ என்றால் ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாத சாகுபடி என்று புரிந்துகொள்கிறோம். ‘இயற்கை உணவு’ என்றால் செயற்கை நிறமோ மணமோ சேர்க்காதது என்று புரிந்துகொள்கிறோம். ஒரே சொல், இரண்டு பொருள். பையில் ‘நேச்சுரல்’ என்று போட்டிருப்பதைக் கடைக்காரர் ‘இயற்கை’ என்று சொல்வார், நம் காதில் ‘ஆர்கானிக்’ என்று விழும். நேச்சுரல் என்பதற்கும் ஆர்கானிக் சான்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அரசு ஆவணங்களில் ஆர்கானிக்குக்கு ‘அங்கக’ அல்லது ‘உயிர்ம’ என்று எழுதுகிறார்கள். சான்று தேடும்போது அந்தச் சொற்களையும் நினைவில் வையுங்கள்.

கீழ்க்கண்டவையும் ஆர்கானிக் சான்று ஆகாது: ஐ.எஸ்.ஓ. 22000, ஜி.எம்.பி., எச்.ஏ.சி.சி.பி., ‘ஹியூமன் கிரேடு’, ‘கிரெய்ன் ஃப்ரீ’, ‘மருத்துவர் பரிந்துரைத்தது’. முதல் மூன்றும் தொழிற்சாலையில் உணவைப் பாதுகாப்பாகத் தயாரிக்கும் முறைக்கானவை. நல்ல விஷயங்கள்தான், ஆனால் தானியம் எப்படி விளைந்தது, கோழி என்ன தின்று வளர்ந்தது என்று அவை சொல்லாது.

இன்னொன்று, நம் ஊர்ப் பொறி: நாட்டுக்கோழி. நாட்டுக்கோழி என்பது இனம், வளர்ப்பு முறை பற்றிய பேச்சு. சான்று பெற்ற தீவனம் போடாமல் வளர்த்த நாட்டுக்கோழி ஆர்கானிக் கோழி ஆகாது.

3. எந்த முத்திரை எதைச் சொல்கிறது

இந்த இடத்தில்தான் நான் அதிகம் குழம்பினேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்: 14 இலக்க எண்ணைப் பையில் பார்த்ததும் ‘அரசு பார்த்து அனுமதித்தது’ என்று நினைத்துவிடுவோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. அந்தச் சட்டம் மனிதர் உண்பதற்கானது. நாய் உணவுப் பையில் அந்த எண் இருந்தால், கம்பெனி மனிதருக்கான உணவும் தயாரிக்கலாம், அவ்வளவுதான்.

ஜைவிக் பாரத்: இது 2017இன் ஆர்கானிக் உணவு விதிமுறைகளோடு வந்த முத்திரை. அதே சட்டத்தின் கீழ் வருவதால் இதுவும் மனித உணவுக்குத்தான். நீங்கள் வாங்கும் அரிசி, பருப்பு, கேழ்வரகு பாக்கெட்டில் இருந்தால் மதிப்பு உண்டு. நாய் உணவுப் பையில் இருந்தால், எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தியா ஆர்கானிக்: நமக்கு முக்கியமானது இதுதான். தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், சுருக்கமாக என்.பி.ஓ.பி., 2001இல் தொடங்கியது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அபீடா இதை நடத்துகிறது. அபீடாவே நேரில் வந்து சான்று தருவதில்லை. அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் பண்ணையையும் ஆலையையும் ஆய்வு செய்து தருகின்றன. தமிழ்நாட்டு அரசின் விதைச் சான்றளிப்பு மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் அவற்றில் ஒன்று, தலைமையகம் கோவையில். பயிருக்குத் தனி, கால்நடை வளர்ப்புக்குத் தனி, உணவுப் பதப்படுத்தலுக்குத் தனி, தீவனப் பதப்படுத்தலுக்குத் தனி என்று இந்தத் திட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவில் சான்று என்பதுதான் கேள்வியே. எனக்கு வந்த, அரிசிக்கும் மஞ்சளுக்குமான சான்றிதழ் மாதிரி, வயலுக்குக் கொடுத்த சான்றைக் காட்டி ஆலையில் தயாரான பையை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பி.ஜி.எஸ். இந்தியா: விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் முறை, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆர்கானிக் முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ‘பி.ஜி.எஸ். கிரீன்’, முழுதாக மாறியதற்கு ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’. வீட்டில் சமைப்பவர்களுக்கு இது உதவும், எட்டாவது படியில் சொல்கிறேன்.

அமெரிக்க யு.எஸ்.டி.ஏ. ஆர்கானிக்: அமெரிக்க வேளாண் துறையின் வட்ட முத்திரை. உப்பும் தண்ணீரும் நீங்கலாக, எடையில் 95 சதவீதமாவது ஆர்கானிக்காக இருந்தால்தான் போடலாம். 70 முதல் 95 வரை என்றால் ‘ஆர்கானிக் பொருட்களால் செய்தது’ என்று மட்டும் எழுதலாம், முத்திரை கூடாது. 70க்குக் கீழே போனால், பின்பக்கப் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்கு முன்னால் மட்டும்தான் அந்தச் சொல் வரலாம். தயாரிப்பாளர் முகவரிக்குக் கீழே சான்றளித்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். முத்திரை இருந்து பெயர் இல்லையென்றால் பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறக்கக் கூடாத ஒன்று: அபீடா வழியான சான்றை அமெரிக்கா ஏற்றுக்கொண்டிருந்த ஏற்பாடு 2021இல் முடிந்துவிட்டது. ஆகவே இந்தியத் தயாரிப்பில் இரண்டு முத்திரையும் இருந்தால் இரண்டு சான்றிதழ் கேளுங்கள்.

ஐரோப்பிய இலை முத்திரை: பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை. செல்லப்பிராணி உணவுக்கென்றே 2023இல் அங்கே தனி விதி வந்தது. அதிலும் வேளாண் பொருட்களில் 95 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால்தான் முத்திரை. பக்கத்திலேயே சான்றளித்த அமைப்பின் குறியீட்டு எண் இருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். எண் இல்லாத இலை வெறும் படம்தான்.

வெளிநாட்டுப் பை பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இறைச்சி சேர்ந்த செல்லப்பிராணி உணவு உள்ளே வர மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். சென்னையில் இதைக் கவனிக்கும் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. கடையில் வாங்கும் இறக்குமதிப் பையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பை எந்த வழியில் வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

4. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்

கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. பையில் உள்ள வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பையின் முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) மூன்றையும் படம் எடுத்து இணையுங்கள். நான் அனுப்பிய இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்தில் ‘உங்கள் பொருள் ஆர்கானிக்தானா?’ என்று பொதுவாகக் கேட்டதால் ‘ஆமாம்’ என்று மட்டும் பதில் வந்தது.

“இந்தத் தயாரிப்பின் ஆர்கானிக் சான்றிதழை, பொருள் பட்டியல் இணைப்போடு அனுப்புங்கள். சான்றளித்த நிறுவனத்தின் பெயர், அங்கீகார எண் வேண்டும். மொத்தப் பொருட்களில் எத்தனை சதவீதம் சான்று பெற்றது என்றும் தெரிவியுங்கள்.”

சான்றிதழ் வந்ததும் இவற்றைப் பாருங்கள்:

சான்று யார் பெயரில் இருக்கிறது? பையில் ‘தயாரிப்பு’ என்று ஒரு கம்பெனியும் ‘விற்பனை’ என்று வேறொன்றும் இருக்கும். தயாரிக்கும் ஆலைக்குச் சான்று இருக்க வேண்டும்.

தேதி முடிந்துவிட்டதா? என்.பி.ஓ.பி. சான்றை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பையின் தயாரிப்பு மாதம் அந்த ஒரு வருடத்துக்குள் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இணைப்பில் ‘நாய் உணவு’ இருக்கிறதா? முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் விடாதீர்கள். பொருட்களின் பெயர்கள் இணைப்பில்தான் இருக்கும். எனக்கு உண்மை தெரிந்ததும் அங்கேதான்.

சான்றளித்தவரின் அங்கீகார எண் ‘என்.பி.ஓ.பி./என்.ஏ.பி.’ (NPOP/NAB) என்று தொடங்குகிறதா? அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அபீடா தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் அந்த நிறுவனத்துக்கே சான்றிதழ் எண்ணை அனுப்பிக் கேளுங்கள். எனக்கு நான்கு வேலை நாளில் தெளிவான பதில் வந்தது. பைசா செலவில்லை. அமெரிக்கச் சான்று என்றால் யு.எஸ்.டி.ஏ.வின் ஆர்கானிக் தரவுத்தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம். சான்று நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பதை அதுவே காட்டும்.

கடிதம், பதில், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்குங்கள். வீட்டில் உணவு தீரும் தறுவாயில் தொடங்கினால் அவசரத்தில் ஏதோ ஒன்றை வாங்கிவிடுவோம்.

‘லேபில் கொடுத்து ஆர்கானிக்தானா என்று பார்த்துவிடலாமே’ என்று என் தம்பி கேட்டான். முடியாது. ஆர்கானிக் என்பது விளைவித்து, வளர்த்து, பதப்படுத்திய முறைக்கான சான்று. ஆய்வகம் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று சொல்லும், அதை வைத்து வயலில் என்ன உரம் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின், புரத அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஆய்வகம் நல்ல வழி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் சோதனைக்குச் சோதனை மாறும். எவ்வளவு மாதிரி வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று போனில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

5. ஆர்கானிக் என்பது ஒன்று, நிறைவான உணவு என்பது வேறு

சான்று சரியாக இருந்தும் நாய்க்குப் போதாத உணவாக இருக்கலாம். பொருட்கள் எப்படி விளைந்தன என்று ஆர்கானிக் சான்று சொல்லும், கால்சியம் போதுமா என்று சொல்லாது. அதற்கு வேறொரு வரியைத் தேட வேண்டும்: ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று எழுதி, எந்த வயது நாய்க்கு என்றும், ‘ஆஃப்கோ’ அல்லது ‘ஃபெடியாஃப்’ அளவுகளின்படி என்றும் இருக்கும். முதலாவது அமெரிக்க அமைப்பு, இரண்டாவது ஐரோப்பியது. ‘ஆஃப்கோ சான்று பெற்றது’ என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆஃப்கோ ஊட்டச்சத்து அளவுகளை வகுக்கிறது, எந்தப் பைக்கும் சான்று தருவதில்லை. நம் நாட்டில் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்ற தர அளவு உண்டு. அதுவும் ஊட்டச்சத்துக்கானதுதான், ஆர்கானிக்குக்கு இல்லை.

ஆஃப்கோ சொல்லும் குறைந்த அளவு, ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 5.5. குட்டிக்கு 22.5, 8.5. ‘ஈரம் நீக்கிய கணக்கு’ என்பதைத் தவறவிடாதீர்கள். ஈர உணவு டின்னில் புரதம் 10, ஈரம் 78 என்றிருக்கும். மிச்சம் 22இல் 10 என்றால் 45 சதவீதம். உலர் உணவில் புரதம் 24, ஈரம் 10 என்றால் 90இல் 24, அதாவது ஏறக்குறைய 27. பையில் போட்ட எண்ணை அப்படியே ஒப்பிட்டால் தலைகீழாகப் புரியும்.

‘டிரீட்’ (தின்பண்டம்), ‘டாப்பர்’ (உணவின் மேல் தூவுவது) என்று எழுதியவை முழு உணவு இல்லை. ஆர்கானிக் முத்திரையோடு கடையில் கிடைத்தவற்றில் பாதி எனக்கு இந்த வகையாகத்தான் இருந்தன. அவற்றை மட்டும் வைத்து நாயை வளர்க்க முடியாது.

6. வாங்கும் முன் மாதச் செலவைப் போடுங்கள்

போன் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள், பிறகு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், வருவதை 70ஆல் பெருக்குங்கள். செம்பிக்கு 16 × 16 × 16 = 4096. ஒரு தடவை அழுத்தினால் 64, இன்னொரு தடவை 8. எழுபதால் பெருக்க 560 கலோரி. இது சும்மா படுத்திருந்தாலே தேவைப்படுவது. கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும்: 896. உணவுப் பையில் 100 கிராமுக்கு 360 கலோரி என்றிருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 250 கிராம், மாதம் 7.5 கிலோ.

நான் வாங்கிய பை கிலோ ₹950. மாதத்துக்கு ₹7,125. அதற்கு முன் கொடுத்துக்கொண்டிருந்த சாதாரண, ஆனால் நிறைவான உணவு கிலோ ₹320. மாதம் ₹2,400. இந்த வித்தியாசத்தை வருடம் முழுக்கத் தாங்க முடியுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மாதாமாதம் மாற்றிக்கொண்டிருந்தால் நாயின் வயிறுதான் கெடும். பணம் இழுபறியாக இருந்தால், தடுப்பூசிக்கும் தெள்ளு மருந்துக்கும் ஒதுக்கியதிலிருந்து எடுத்து ஆர்கானிக் வாங்காதீர்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

7. பை வீட்டுக்கு வந்த பிறகு

பழைய உணவோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். முதலில் கால் பங்கு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுதாக.

ஆர்கானிக் உணவில் பி.எச்.ஏ., பி.எச்.டி. போன்ற செயற்கைப் பதப்பொருட்களுக்கு இடமில்லை. வைட்டமின் ஈ வகைகள், ரோஸ்மேரி சாறு போன்றவற்றை வைத்துத்தான் கொழுப்பைச் சிக்குப் பிடிக்காமல் காக்கிறார்கள். சென்னைப் புழுக்கத்தில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், பிரித்த பை சீக்கிரம் கெடும். பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு மலிவு என்று 12 கிலோ வாங்காதீர்கள். ஒரு மாதத்தில் தீரும் அளவு போதும். பையோடு அப்படியே மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கொட்டி வைத்தால் தொகுதி எண்ணும் தேதியும் குப்பைக்குப் போய்விடும், பின்னால் புகார் செய்யக் கையில் ஒன்றும் இருக்காது. சிக்கு வாடை வந்தாலோ, பூஞ்சை தெரிந்தாலோ, வெயிலில் காயவைத்துக் கொடுக்க நினைக்காதீர்கள். அஃப்ளாடாக்சின் வெயிலில் வைத்தோ கொதிக்க வைத்தோ முழுதாகப் போய்விடாது.

8. வீட்டில் சமைத்துக் கொடுப்பதானால்

சான்று பெற்ற பொருள் வாங்க இது எளிய வழி. ஜைவிக் பாரத் அல்லது பி.ஜி.எஸ். முத்திரை உள்ள அரிசி, கேழ்வரகு, பூசணி, கேரட் சென்னையில் கிடைக்கும். சான்று பெற்ற இறைச்சிதான் கிடைப்பது அரிது. முட்டையை முதலில் தேடிப் பாருங்கள்.

ஆனால் தயிர்சாதமும் கோழிச்சாறும் மட்டும் போட்டு வளர்த்தால் கால்சியம் போதாது, குட்டிகளுக்குக் கால் வளைந்துவிடும். கால்சியமும் பாஸ்பரசும் 1:1க்கும் 2:1க்கும் இடையில் இருக்க வேண்டும். கண்ணளவில் இது வராது. கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிய அளவுகளோடு மட்டும் தொடங்குங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. ரசஞ்சாதத்தில் பூண்டு இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் அத்தைக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

9. பொய்யான ‘ஆர்கானிக்’ என்று தெரிந்தால்

பில், பையின் படங்கள், கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, சான்றளிப்பு நிறுவனத்தின் பதில் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் வையுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் விற்பனைப் பக்கத்தையும் அன்றே படம் பிடியுங்கள், பிறகு அதை மாற்றிவிடுவார்கள்.

முதலில் கம்பெனிக்கு எழுதிப் பணம் திருப்பிக் கேளுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சான்றிதழ் எண்ணையே போலியாகப் போட்டிருந்தால் அபீடாவுக்கும், அதில் பெயர் உள்ள சான்றளிப்பு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

எனக்கு 1915இல் பதிந்த பிறகு 19ஆம் நாள் ₹2,850 திரும்பி வந்தது. காலிப் பையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் தொகுதி எண் கேட்டபோது உடனே சொல்ல முடிந்தது. பணம் கைக்கு வரும்வரை நீங்களும் பையை மடித்து அலமாரியில் வையுங்கள்.